அக்கா குறை சொல்லாத வருஷம்

கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுத்தவன் என்று தெரிந்துவிட்டால் ஆட்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். டீக்கடை, கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு, பேருந்து நிலையம் என்று எங்கே போனாலும் இதே கதைதான். "இன்னாண்ணே, வளந்துடுச்சா?" என்று கேட்கிறார்கள், நான் ஏதோ வயிற்றுக்குள் முருங்கைக் கொம்பு நட்டுவைத்த மாதிரி. ஒவ்வொருவரிடமும் நின்று பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இதே நிலைமையில் யாராவது கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் ஆகும்.

என் பெயர் ஏழுமலை. வீடு வேங்கிக்காலில். திருவண்ணாமலை டவுனுக்குள் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். அண்டா, தேக்சா, கரண்டி, ஜல்லடை, தண்ணீர் டிரம் எல்லாம் உண்டு. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பாத்திரம் நம் கடையிலிருந்து போகும். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறவர்கள் முதல் நாளே வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

எனக்கு ஒரே அக்கா, அமுதா. கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்தோம். மாமா தேவராஜ் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிறார், வாயில் ஒரு சொல் வராத மனிதர். அக்கா அதற்கும் சேர்த்துப் பேசுவாள். அப்பா போன பிறகு பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோவது என் பொறுப்பு. பொங்கலுக்கு ஒருமுறை, கார்த்திகை தீபத்துக்கு ஒருமுறை. அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு புடவை. நான் கொண்டுபோன எந்தச் சீரையும் அக்கா முழுசாக ஏற்றுக்கொண்டதில்லை. கரும்பு குச்சி மாதிரி இருக்கிறது என்பாள். வெல்லத்தில் மண் என்பாள். புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிரித்துப் பிடித்து, "இன்னாடா இது, நேத்து வெச்ச சாம்பார் கலர்ல கீது? உன் பொண்டாட்டிக்கு இப்படி எடுப்பியா?" என்பாள். என் மனைவி சுமதி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அக்கா திட்டி முடித்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு இறங்கும். நாங்கள் வளர்ந்த விதம் அப்படி.

முந்தின பொங்கலுக்குப் போனபோது அக்கா புடவையைப் பிரிக்கவே இல்லை. பையோடு கட்டிலில் வைத்துவிட்டு, "நல்லா இருக்குடா" என்றாள். பைக்கில் திரும்பி வரும்போது சுமதியிடம், "அக்காவுக்கு உடம்பு சரியில்ல" என்றேன்.

"புடவை நல்லா இருக்குன்னு சொன்னா உடம்பு சரியில்லன்னு அர்த்தமா?" என்று அவள் சிரித்தாள்.

"அவ பிரிக்கவே இல்லியே."

அப்போது சுமதியும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

கொஞ்ச நாளில் கண் மஞ்சளானது. கால் வீங்கியது. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள், மந்திரித்துப் பார்த்தார்கள், கடைசியில் திருவண்ணாமலைக்குக் கூட்டிவந்து ஸ்கேன் எடுத்தோம். ஸ்கேன் எடுத்த டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். டாக்டர் உட்காரச் சொன்னாலே பயம்தான். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். காத்திருக்கும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி டோக்கன் எண் வரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. மாமா வீட்டிலிருந்து வறுத்த வேர்க்கடலை கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற யாராக இருந்தாலும் கையில் ஒரு பிடி கொடுத்துவிடுவார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

சென்னையில் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உடம்பைக் காக்கிற எதிர்ப்பு சக்தியே திசைமாறி அக்காவின் கல்லீரலைத் தாக்கியிருக்கிறது. வருஷக்கணக்காக உள்ளுக்குள் நடந்து, கல்லீரல் தழும்பேறி இறுகிப்போயிருக்கிறது. மருந்து கொடுத்துச் சரிசெய்கிற கட்டம் தாண்டிவிட்டது. வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பாள். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் கல்லீரலுக்குப் பதிவு செய்து காத்திருக்கலாம், ஆனால் அவ்வளவு நாள் தாங்குமா என்பது சந்தேகம். உறவில் யாராவது ஒரு பகுதி கொடுத்தால் வைக்கலாம். மாமாவின் இரத்த வகை ஒத்துப்போகவில்லை, அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. என்னுடையது ஒத்துப்போனது.

"நான் குடுக்கறேன்" என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்ததும் மாமாவிடம், "ஊசி நிறைய போடுவாங்களா?" என்று கேட்டேன். பயத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு ஊசி என்றாலே ஆகாது.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம்டா. உனக்கு ரெண்டு பொண்ணுங்க கீது. எனக்கு இன்னா, போனா போறேன்" என்றாள். அக்கா இப்படிப் பேசியதே பாதி உயிர் போனதற்குச் சமம். உறுப்பு கொடுப்பதற்கு முன் அதிகாரிகள் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். என்னையும் கேட்டார்கள், யாராவது உங்களை வற்புறுத்தினார்களா என்று. "ஆமா சார், எங்க அக்கா வற்புறுத்தறா, குடுக்காதேன்னு" என்றேன். அந்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் அதற்கு முன்பே ஒரு முட்டுக்கட்டை விழுந்திருந்தது. என்னைப் பரிசோதித்துப் பார்த்ததில் என் கல்லீரலில் கொழுப்பு. குடிப்பழக்கம் கிடையாது. கல்யாண வீடுகளில் பாத்திரம் இறக்கி ஏற்றப் போகிறவனைச் சாப்பிடாமல் யார் அனுப்புகிறார்கள்? அத்தனை பிரியாணியும் பாயசமும் அங்கே போய்ப் படிந்திருக்கிறது.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். கல்லீரலுக்கு மட்டும் ஒரு விசேஷ குணம் உண்டு. ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் மீதியிருப்பது பெருத்துப் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் சும்மா வந்துவிடாது. "'வளரு'ன்னு அதுக்குச் சேதி போகணும்" என்றார். அந்தச் சேதிகள் பல வகை. அதில் ஒன்று வளர்ச்சி ஹார்மோன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, அங்கிருந்து இரத்தத்தில் கலந்து வருவது. பிள்ளைகளை உயரமாக்குவது இதுதான். வளர்ந்து முடித்த பிறகும் அது நிற்பதில்லை, வேறு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். கல்லீரல் செல்லின் மேல் இந்த ஹார்மோன் வந்து உட்காருவதற்கென்றே ஓர் இடம் உண்டு. அங்கே உட்கார்ந்ததும் செல்லுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தகவல் போய், செல் இரண்டாகப் பிரியத் தயாராகும்.

நான் என் பாஷையில் புரிந்துகொண்டேன். மண்டபத்திலிருந்து ஆர்டருக்கு போன் வருகிறது. கடையில் ஆள் எடுத்தால்தான் வண்டி கிளம்பும். போன் வந்தும் எடுக்க ஆளில்லை என்றால் முகூர்த்தம் முடிந்தாலும் அண்டா போய்ச் சேராது.

"கரெக்ட். கொழுப்பு ஏறின கல்லீரல்ல நிறைய தகவல் சரியா போய்ச் சேர்றதில்ல" என்றார் டாக்டரம்மா. "அந்த ஹார்மோன் உட்கார்ற இடமே இல்லாத எலிகளுக்குக் கல்லீரல் வளர்றது ரொம்பத் தாமதமாகுதுன்னு பாத்திருக்காங்க. எலிக்கு நடக்கறதெல்லாம் மனுஷனுக்கு அப்படியே நடக்கும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா கொழுப்போட உங்கள வெட்டினா உங்களுக்கும் ஆபத்து, அக்காவுக்கும் பிரயோஜனமில்ல. எடையக் குறைச்சுக்கினு வாங்க. நடங்க. ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டு நல்லா தூங்குங்க. ஆழ்ந்த தூக்கத்துலதான் அந்த ஹார்மோன் ஜாஸ்தியா சுரக்கும். சக்கரை ஏறினா கம்மியாயிடும்."

"எவ்ளோ நாள் இருக்கு மேடம்?"

"உங்க அக்காவுக்கு ஜாஸ்தி நாள் இல்ல" என்றார்.

நடப்பதற்கு எங்கள் ஊரில் வழி சொல்லித்தர வேண்டுமா? மலையைச் சுற்றினால் போதும். மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தேன். வழக்கமான நாளில் பாதியும், முடிந்த நாளில் முழுச் சுற்றும். அண்ணாமலையாருக்கு வேண்டுதலும் ஆயிற்று, கல்லீரலுக்கு வைத்தியமும் ஆயிற்று என்று எனக்கு ஒரே பெருமை. பௌர்ணமியன்று கூட்டத்தோடு கூட்டமாக வெறும் காலோடு முழுச்சுற்று சுற்றினேன். அந்த வாரமே சென்னைக்குப் போய் எடை மேடையில் ஏறி நின்றேன்.

எடை கூடியிருந்தது.

டாக்டரம்மா மேடையைச் சந்தேகப்பட்டு இன்னொன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் அதையே காட்டியது. கூட வந்திருந்த சுமதி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. வெளியே வந்ததும், "உண்மையச் சொல்லுங்க. நடந்தீங்களா, இல்ல எங்கனா உக்காந்துக்கினு இருந்தீங்களா?" என்றாள்.

நடந்தேன், சத்தியமாக நடந்தேன். ஆனால் பௌர்ணமியன்று அந்தப் பாதையில் நடப்பது எங்களை மாதிரி ஆட்களுக்கு என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ரமணாசிரமம் தாண்டியதும் ஓர் அன்னதானப் பந்தல், அங்கே கொதிப்பது என் தேக்சா. "அண்ணே! உங்க பாத்திரத்துல வெந்த சோறு, நீங்களே சாப்பிடாம போனா எப்படி?" என்று புளியோதரை. அடுத்த பந்தலில் என் அண்டா, சாம்பார் சாதம். அதற்கடுத்ததில் சர்க்கரைப் பொங்கல், முந்திரி பார்த்துப் போட்ட பொங்கல். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்வது எப்படி? ஒரு பந்தலில் வாங்கி அடுத்த பந்தலில் வாங்காமல் போனால் அந்த வாடிக்கையாளர் மனம் நோகாதா? வெறும் வயிற்றில் கிளம்பி, சுற்றி முடித்துக் கோபுரத்துக்குத் திரும்பி வந்தபோது பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு நின்றேன். கிரிவலம் சுற்றிக் குண்டானவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன். இதற்கு நடுவில் சாதாரண நாட்களிலும் யாராவது ஒருவர் வடை நீட்டிக்கொண்டே இருந்தார்கள்.

சிரிப்பாக எழுதுகிறேன், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலை கீழ்பென்னாத்தூரில் இறங்கி அக்காவைப் பார்த்தோம். தட்டில் இருந்த கஞ்சியை அவளால் பாதிகூடக் குடிக்க முடியவில்லை. நான் தின்ற சர்க்கரைப் பொங்கல் ஒவ்வொரு கவளமும் அவளுக்கு மிச்சமிருந்த நாளிலிருந்து பிடுங்கித் தின்றது என்று பட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

சுமதி அழவில்லை, கடைக்குப் போனாள். பாத்திரம் எடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே செய்தியைச் சொன்னாள்: "இவரு வாயில ஒரு பருக்க போட்டீங்கன்னா அடுத்த பௌர்ணமிக்கு ஒரு கரண்டி கூட குடுக்கமாட்டேன்." பக்கத்துக் கடை பந்தல்காரர் கரீம் பாயையும் இதில் சேர்த்துக்கொண்டாள். அவர், "நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்றேன்மா, கவலைய விடு" என்று பந்தல் போடுகிற பையன்கள் வரைக்கும் சேதி அனுப்பிவிட்டார்.

அடுத்த பௌர்ணமியன்று நான் வருவதைப் பார்த்ததும் கரண்டிகள் கீழே இறங்கின. ஒருவர் பொங்கல் அண்டாவைத் துண்டு போட்டு மூடினார். நேற்றுவரை என்னைக் கையைப் பிடித்து இழுத்தவர்கள், "போயிக்கினே இருங்கண்ணே, நிக்காதீங்க" என்றார்கள். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பெரியவர் மட்டும் மனசு கேட்காமல் ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தார். லட்சம் பேருக்குச் சோறு போடுகிற பாதையில் பசியோடு நடந்தேன். அக்காவுக்காக அத்தனை பேர் என்னைப் பட்டினி போட்டார்கள். அவர்கள் யாருக்கும் அக்காவைத் தெரியாது.

கொழுப்பு இறங்கியது. டாக்டரம்மா மறுபடியும் ஸ்கேன் பார்த்துவிட்டு, "இப்ப வெட்டலாம்" என்றார். காய்கறிக் கடையில் சொல்வது மாதிரி சொன்னார்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். அரசுக் காப்பீட்டில் ஒரு பங்கு வந்தது. மாமா ஒரு துண்டு நிலத்தை விற்றார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் எனக்கு வந்த பயத்தைச் சொல்லியாக வேண்டும். கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டு என்று ஒளிக்காமல் சொல்லியிருந்தார்கள். என் இரண்டு பெண்களும் போனில் பேசினார்கள். சின்னவள், "அப்பா, உனக்கு வால் அறுந்த பல்லி மாதிரி மறுபடி வருமாமே?" என்று கேட்டாள். வரும் என்றேன். போனை வைத்ததும், வராவிட்டால் என்ன செய்வது என்று சுமதியிடம் கேட்டேன். அவள் என் உள்ளங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒன்று, வயிற்றில் ஒன்று. யாரோ வயிற்றின் மேல் அண்டாவைக் கவிழ்த்து வைத்த மாதிரி கனம். என்னிடமிருந்து வலப்பக்கத்துப் பெரிய பகுதியை எடுத்து அக்காவுக்கு வைத்தாயிற்று, இடப்பக்கம் என்னிடம் இருக்கிறது. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள், நுரையீரலில் சளி கட்டாமலிருக்க. முதல் பந்து எழும்பவே அரை நாள் ஆனது. தினமும் இரத்தம் எடுத்தார்கள். இரத்தம் உறைவதற்குத் தேவையான சத்தைக் கல்லீரல்தான் செய்கிறது. அதனால் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் மீதிக் கல்லீரல் வேலைக்கு வந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். முதலில் மந்தமாக இருந்தது, பிறகு நாளுக்கு நாள் தேறியது. உள்ளே போன் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து அக்காவிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் மஞ்சள் வெளுத்திருந்தது. கிட்டே போனதும் அக்கா மெதுவாக வாயைத் திறந்தாள். "ஏன்டா இவ்ளோ லேட்டு" என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

"ரொம்ப நன்றிப்பா" என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதே கிடையாது. வார்டுக்குத் திரும்பியதும் டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். "அக்காவுக்கு மூளையில ஏதாவது ஆயிருக்கா மேடம்?" என்று கேட்டேன். அவர் எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது என்றார். என்னிடம் இருந்த ஒரே பரிசோதனை அவள் திட்டுகிறாளா என்பது, அதில் மட்டும் தேறவில்லை.

வேங்கிக்கால் வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததெல்லாம் வேடிக்கை. தூக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் என்று டாக்டரம்மா சொன்னதைச் சுமதி சட்டமாக்கிவிட்டாள். நான் படுத்தால் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, எதிர்வீட்டிலும் ஓடக் கூடாது. உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கப் பழத்தோடு வருவது நம் வழக்கம். வந்தவர்களைக் கேட்டிலேயே நிறுத்தி, "தூங்கறாரு. கல்லீரல் வளந்துக்கினு கீது" என்று தாழ்ந்த குரலில் சொல்வாள். அவர்களும் செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போவார்கள். அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "தூக்கம் நல்லதும்மா. ஆனா அதுக்குன்னு பகலெல்லாம் படுக்க வெக்காதீங்க. அவரு நடக்கணும்" என்றார். மறுநாளிலிருந்து என்னைத் தூங்கவிடாமல் நடக்கவைத்தாள்.

மாமா ஒருநாள் பெரிய பையோடு வந்தார். வளர்ச்சி ஹார்மோன் என்ற வார்த்தையை ஆஸ்பத்திரியில் கேட்டு மனசில் வைத்திருந்திருக்கிறார். பையிலிருந்து வரிசையாக டின்களை எடுத்து வைத்தார். பிள்ளைகள் உயரமாக வளரப் பாலில் கலந்து கொடுக்கிற சத்துப் பவுடர். டின்னின் மேல் ஒரு பையன் சுவரில் உயரத்தை அளந்துகொண்டு நிற்கிறான்.

"மச்சான், இது சீக்கிரமா வளர வெக்குமாம். கடைக்காரன் சொன்னான்" என்றார். மாமா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அதில் பாதி சர்க்கரை. அவரிடம் அதை எப்படிச் சொல்வது? "ரொம்ப நல்லது மாமா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பவுடரை என் பெண்கள் குடித்து முடித்தார்கள். டின்களில் இப்போது பருப்பும் மிளகாயும் இருக்கிறது.

ஆனால் அக்கா மட்டும் திரும்பி வரவில்லை. நடமாடினாள், சாப்பிட்டாள், மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டாள். உடம்பு, புது உறுப்பைத் தள்ளிவிடாமல் இருக்க அந்த மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும். முகத்தில் களை வந்துவிட்டது. நான் போனால் மட்டும் விருந்தாளி வந்த மாதிரி எழுந்து நிற்பாள். "வாப்பா. சாப்டியாப்பா?" என்பாள். எனக்கு இருந்த "டா" போய்விட்டது. மாமாவைவிட எனக்கு முதலில் தோசை வரும். நான் காபியைச் சூடில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தேன், குடித்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்றாள்.

கார்த்திகை தீபத்துச் சீருக்கு ஒரு காரியம் செய்தேன். துணிக்கடையில் எவரும் எடுக்காத புடவை எது என்று கேட்டேன். கடைப் பையன் மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கினான். சுண்ணாம்பில் காவி கரைத்து அதில் பச்சைப் பூ போட்ட மாதிரி ஒரு நிறம். அவனுக்கே அதை பில் போட மனசில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பிரித்தாள், பார்த்தாள். ஒரு கணம் உதடு துடித்த மாதிரி இருந்தது. பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எனக்குப் போயி ஏன்பா செலவு பண்ற? நீ குடுத்ததே போதும்" என்றாள். அன்று மலையில் தீபம் ஏற்றினார்கள். ஊரே அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டது. நான் அந்தப் புடவையையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடமிருந்து ஏதோ பறித்துக்கொண்டோம் என்று நினைத்துக் குறுகிப்போயிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயிரோடு இருக்கிறாள், ஆனால் என்னிடம் உரிமையாக ஒரு வார்த்தை பேச அவளுக்கு வாய் வரவில்லை. இப்படியே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் இருவருக்கும் மறுபடியும் ஸ்கேன். சுமதியும் மாமாவும் கூட வந்தார்கள். டாக்டரம்மா என் படங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று அறுவை சிகிச்சை முடிந்த வாரத்தில் எடுத்தது, சின்னதாக ஓர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. இன்னொன்று இப்போது எடுத்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"வெட்டின பக்கம் திரும்ப முளைக்கல. மீதியிருந்ததே பெருத்து எல்லா வேலையையும் எடுத்துக்கிச்சு. வடிவம் வேற, ஆனா அளவு கிட்டத்தட்ட பழசுதான்" என்றார். அக்காவின் படத்தையும் காட்டினார். அவளுக்குள் வைத்ததும் அவள் உடம்புக்கு வேண்டிய அளவுக்குப் பொருந்தி நன்றாக இருந்தது.

அக்கா அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. என் படத்தையே பார்த்தாள். "டாக்டர், இவன்கிட்ட இருந்து எடுத்தது இவனுக்கே திரும்ப வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா."

"முழுசா?"

"கிட்டத்தட்ட முழுசா."

"இவன் பொய் சொல்லச் சொன்னானா?"

டாக்டரம்மா என் பழைய ஸ்கேனையும் எடுத்துக் காட்டினார், கொழுப்போடு இருந்த காலத்துப் படம். அக்கா மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வாடகைக் காரில் திரும்பினோம். திண்டிவனம் தாண்டினோம். செஞ்சியும் போனது. தூரத்தில் மலை தெரிய ஆரம்பித்தது. முன் சீட்டில் மாமா தூங்கிப்போனார். கீழ்பென்னாத்தூரில் அவர்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. மாமா இறங்கி அக்காவுக்குக் கதவைத் திறந்தார். அக்கா இறங்கினாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்து, ஜன்னலில் கை வைத்துக் குனிந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப உனக்கு ஒண்ணும் குறையல?"

"குறையலக்கா."

"எல்லாம் திரும்ப வந்துடுச்சு?"

"வந்துடுச்சுக்கா."

"அப்ப நீ எனக்கு ஒண்ணும் குடுக்கலன்னு ஆச்சு" என்றாள். முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டாள். "தீபத்துக்கு எடுத்துக்கினு வந்தியே ஒரு புடவ, அது இன்னா கலருடா? மனுஷி கட்டுவாளா அத? சரி, தம்பி பாவம், வவுத்த அறுத்துக்கினு கெடக்கறானேன்னு அன்னிக்கி வாய மூடிக்கினு இருந்தேன். உனக்குக் கண்ணுதான் இல்லன்னா, கூட வர்ற சுமதிக்குமா இல்ல? பொங்கலுக்கும் அந்த மாதிரி ஒண்ணத் தூக்கிக்கினு வந்தேன்னு வையி, வாசப்படி ஏற வுடமாட்டேன். கரும்பப் பாத்து வாங்கு, போன தடவ குச்சி. போ, போயி வேளைக்குத் தின்னுட்டுப் படு."

திரும்பி விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள். மாமா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

கார் கிளம்பியது. நான் கையால் முகத்தை மூடிக்கொண்டேன். தோள் குலுங்குவதைப் பார்த்து டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். "இன்னாங்க, தையல் வலிக்குதா?" என்று சுமதி பதறிப்போய் என் வயிற்றைத் தொட்டாள்.

"இல்ல" என்றேன். "அக்கா திட்டிட்டா."